அம்மா இருக்கும்போதே அண்ணன் தனிக்குடித்தனம் போகட்டும்

மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டங்களை வகுப்பவர்களுக்கும், வீட்டுவசதிக்கு நிதி ஒதுக்குபவர்களுக்கும், இந்த இரண்டு தரப்புக்கும் ஆலோசனை சொல்லும் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு என்று வளர்ச்சிசார் குறைபாடுகளோடு வாழும் ஒருவர் பெரியவரான பிறகு எங்கே வசிப்பார் என்ற கேள்விக்கு உங்கள் திட்டங்களில் பெரும்பாலும் இரண்டே பதில்தான் இருக்கிறது. பெற்றோர் இருக்கும்வரை பெற்றோர் வீடு, அதற்கப்புறம் எங்கே இடம் காலியோ அங்கே. சிறு வயதுக்கு ஆரம்பகாலப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, சிறப்புப் பள்ளி என்று கொஞ்சமாவது யோசித்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவர்கள் உங்கள் கோப்புகளிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்கள். மறுபடி அவர்கள் பெயர் வருவது அம்மா ஆஸ்பத்திரியில் படுத்த அன்றைக்குத்தான்.

நான் கேட்பது இதுதான்: அந்த நாள் வருவதற்கு முன்பே, பெற்றோர் கண்ணெதிரிலேயே, விரும்புகிறவர்கள் நிதானமாகக் குடிபோய்ப் பழகிக்கொள்ள வீடுகள் வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வேண்டாம், பல விதமாக வேண்டும்.

நான் ஒரு தங்கை. அண்ணனுக்கு ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. பேச்சு ரொம்பக் குறைவு, ஆனாலும் பிடித்தது எது பிடிக்காதது எது என்று தெளிவாகச் சொல்லிவிடுவார், கவனித்துக் கேட்பவர்களுக்கு. அவர் நாற்பதைத் தாண்டிவிட்டார், அம்மா எழுபதைத் தாண்டிவிட்டார். "எனக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க?" என்று அம்மா கேட்பதைப் போல இந்த நிலையில் இருக்கும் எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள், நீங்களும் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள், கண் கலங்கியும் இருப்பீர்கள். கலங்கியது போதும். எழுபது வயதைக் கடந்த பெற்றோரோடு வாழும் வளர்ச்சிசார் குறைபாடுள்ள பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அடுத்த பத்தாண்டில் எத்தனை வீடுகள் தேவைப்படும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் கட்டப் பிறப்புக் கணக்கைப் பார்க்கிறீர்கள், இதற்கு மட்டும் ஏன் திடீர் விபத்து நடந்ததைப் போல முழிக்கிறீர்கள்?

இந்தக் கேள்வி ஒரு தலைமுறைக்கு முன்னால் இவ்வளவு பெரிதாக எழுந்திருக்காது. 1940களில் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர்களின் சராசரி ஆயுள் சுமார் 12 வயது என்றுதான் கணக்கிட்டார்கள். நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் இப்போது அது 60ஐ ஒட்டி வந்துவிட்டது. இதய அறுவை சிகிச்சை, நோய்க்கிருமிகளைக் கட்டுப்படுத்தும் மருந்துகள், குழந்தைகளைக் காப்பகத்தில் தள்ளாமல் வீட்டில் வளர்த்தது என்று பல காரணம். நல்ல விஷயம்தான். ஆனால் அதனாலேயே பிள்ளைகளில் பலர் பெற்றோர் போனபின்னும் பல ஆண்டுகள் வாழப்போகிறார்கள், அதிலும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்கு ஐம்பதை ஒட்டியே அல்சைமர் மறதிநோய் தொடங்கிவிடுகிறது. யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டிய அந்த வயதில்தான் அம்மா இருக்கமாட்டார்.

ஏன் முன்கூட்டியே போகவேண்டும் என்று அவசரப்படுகிறேன் தெரியுமா? எங்கள் அம்மா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். அண்ணனைப் பற்றி எழுதிக்கொண்டே இருப்பார். சில வரிகளைத் தருகிறேன். "இடது காதைப் பொத்தினால் சத்தம் தொந்தரவு என்று நினைத்துவிடாதே, அது பல்வலி. இரண்டு காதையும் பொத்தினால்தான் சத்தம்." "மாத்திரையைக் கையில் கொடு. நீயாக வாயில் போட்டால் துப்பிவிடுவான், அப்புறம் ஒரு வாரத்துக்கு எந்த மாத்திரையும் இறங்காது." "குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுக் காத்திரு. உள்ளேயிருந்து அவனும் ஒரு தட்டு தட்டுவான், அதற்கப்புறம் திற." இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, சில இடங்களில் அடித்துத் திருத்தி, ஓரத்தில் தேதி போட்டு, 'இப்போது இது மாறிவிட்டது' என்ற குறிப்போடு. இதைப் படித்துவிட்டால் ஒரு புதிய பணியாளர் அண்ணனைப் புரிந்துகொள்வாரா என்றால், மாட்டார். கொஞ்ச நாள் அம்மாவும் அந்தப் பணியாளரும் ஒன்றாக இருந்து, இவர் செய்வதை அவர் பார்த்து, அவர் செய்வதை இவர் திருத்தி, அண்ணனும் அந்த ஆளை ஏற்றுக்கொண்டு, அப்படித்தான் கைமாறும். அம்மா போனபிறகு நோட்டு இருக்கும், ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்காது.

இப்போது உங்கள் ஏற்பாட்டில் நடப்பது என்ன? பெற்றோரில் ஒருவர் திடீரென்று விழுகிறார். அன்றிரவே 'அவசர இடம்' தேடப்படுகிறது, ஊர்பேர் தெரியாத இடத்தில் ஒரு கட்டில் கிடைக்கிறது. ஒரே நாளில் அந்த மனிதர் தன் தாயை, தன் வீட்டை, தன் படுக்கையை, தெரிந்த தெருவை, பழகிய நேர ஒழுங்கை எல்லாவற்றையும் இழக்கிறார், நடந்ததை யாரும் அவருக்குப் புரியும்படி சொல்வதுகூட இல்லை. அவர் கத்துகிறார், சாப்பிட மறுக்கிறார், தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார். நமக்கு அப்படி நடந்தால் துக்கம் என்பார்கள். அவருக்கு நடந்தால் கோப்பில் 'நடத்தைப் பிரச்சினை' என்று ஏறுகிறது, ஏறிய கையோடு மருந்தும் வருகிறது. இங்கிலாந்தில் 2015இல் பொதுச் சுகாதாரத் துறை கணக்கெடுத்தபோது, அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களில் 30,000 முதல் 35,000 பேர் வரை அந்த மருந்துக்குரிய மனநோய் எதுவும் இல்லாமலேயே தினமும் மனநோய் மருந்துகளை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியவந்தது, அதை நிறுத்த அடுத்த ஆண்டே தனி இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. விவரமான சுகாதார அமைப்பு இருக்கிற இடத்திலேயே இந்த நிலை.

சரி, பெரிய காப்பகங்களைக் கட்டிவிட்டால் இடப் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று உங்களில் சிலர் இன்னமும் நினைக்கிறீர்கள், வெளிப்படையாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அதையெல்லாம் உலகம் செய்து பார்த்துவிட்டது. நியூயார்க்கின் வில்லோபுரூக் காப்பகம் 4,000 பேருக்காகக் கட்டப்பட்டது, 1960களில் 6,000 பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். 1972இல் தொலைக்காட்சிக் கேமரா உள்ளே போன பிறகுதான் அங்கே மனிதர்கள் உடையில்லாமல் தரையில் கிடந்தது வெளியே தெரிந்தது, பூட்ட 1987 ஆயிற்று. பென்சில்வேனியாவின் பென்ஹர்ஸ்ட்டுக்கும் அதே கதை, அதே 1987.

ஆனால் பென்ஹர்ஸ்ட் மூடப்பட்டதைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று உண்டு. அங்கிருந்து வெளியே சிறு வீடுகளுக்குப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். போனவர்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே செய்துகொள்ளும் திறனில் முன்னேறியிருந்தார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது குடும்பங்களைப் பற்றிய கண்டுபிடிப்பு: மூடக்கூடாது என்று முதலில் எதிர்த்த குடும்பங்களில் பெரும்பாலானவை, தங்கள் பிள்ளை புது வீட்டில் வாழ்வதைப் பார்த்தபின் மனம் மாறின. 'பெற்றோர்களே விரும்பவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுகிறீர்களே, அந்த வரிக்கு இதுதான் என் பதில். பெற்றோர் பயப்படுகிறார்கள், உண்மை. நல்ல வீடு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்காதவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? எங்கள் அம்மாவும் பயப்படுகிறார். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் வாங்க என்று கூப்பிட எனக்கு ஒரு வீடு கிடைத்தால்தானே.

அடுத்து, 'சின்ன வீடு என்றால் நல்ல வீடு' என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற, அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கான தனியார் மருத்துவமனையில் இருந்தவை 24 படுக்கைகள்தான். 2011இல் பிபிசி ரகசியமாகப் படம்பிடித்துக் காட்டிய அடி உதையைப் பார்த்து நாடே அதிர்ந்தது, 11 ஊழியர்களுக்குத் தண்டனை கிடைத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா குழு 2017இல் வெளியிட்ட விளக்கவுரையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது: நூறு பேருக்கு மேல் இருக்கும் காப்பகமோ, ஐந்து முதல் எட்டுப் பேர் வரை இருக்கும் குழு இல்லமோ, ஒருவர் மட்டும் இருக்கும் வீடோ, காப்பகத்தின் குணங்கள் அங்கே இருந்தால் அதைச் சுதந்திரமான வாழ்க்கை என்று சொல்ல முடியாது. யாரோடு வசிப்பது என்று தேர்ந்தெடுக்க முடியாமை, யார் கையால் உதவி பெறுவது என்பதில் நம் பேச்சு எடுபடாமை, எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே வேலையைச் செய்வது, இவைதான் அந்தக் குணங்கள்.

அதனால் திட்டத்துக்கு நிதி கொடுக்கும்போது கட்டில்களை எண்ணாதீர்கள், வேறு சில விஷயங்களைக் கேளுங்கள். அமெரிக்காவில் 2014இல் வந்த விதி ஒன்று இதற்கு நல்ல உதாரணம். அரசுப் பணத்தில் நடக்கும் குடியிருப்பு என்றால், வசிப்பவருடைய அறைக்கு அவரே பூட்டிக்கொள்ளக்கூடிய கதவு இருக்க வேண்டும், பசித்தால் எந்த நேரமும் சாப்பிட முடிய வேண்டும், எந்த நேரமும் விருந்தாளி வரலாம், அறையைப் பகிர வேண்டியிருந்தால் யாரோடு என்பது அவர் விருப்பம், வாடகைதாரருக்குள்ள சட்டப் பாதுகாப்பு அவருக்கும் உண்டு. படித்தால் இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். நடு இரவில் பசித்து எழுந்து அலமாரியைத் திறப்பதற்கு அனுமதி கேட்க வேண்டியிராத எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இனி, பல விதமான வீடுகள் என்றேனே, என்னென்ன? ஸ்வீடனில் 1994 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, பெரியவர்களுக்கு ஆதரவோடு கூடிய வீடு என்பது உரிமை, யாருடைய தயவும் அல்ல. அங்கே குழு இல்லம் என்றால் பெரும்பாலும் சமையலறையும் குளியலறையும் உள்ள சிறு சிறு தனி வீடுகள், அருகருகே நாலைந்து, கூடவே எல்லாரும் கூடிக்கொள்ள ஒரு பொது இடமும் பணியாளர்களும். கதவைச் சாத்தினால் தனிமை, திறந்தால் துணை. என் அண்ணனுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் 1990இல் தொடங்கிய கீரிங் அமைப்பின் வழி வேறு. ஒரே வட்டாரத்தில் ஆங்காங்கே தனி வீடுகளில் வசிக்கும் பத்துப் பேர் அளவில் ஒரு வலை, அதே வட்டாரத்தில் ஒரு தன்னார்வலரும் குடியிருந்து, கடிதம் வந்தால் படித்துச் சொல்வது, ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வைப்பது என்று பார்த்துக்கொள்கிறார். குறைந்த உதவியே போதும் என்பவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு, செலவும் குறைவு. இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வது மூன்றாவது வழி. பெல்ஜியத்தின் கேல் நகரத்தில் குடும்பங்கள் மனநோய் உள்ளவர்களையும் அறிவுசார் குறைபாடுள்ளவர்களையும் நூற்றாண்டுகளாகத் தங்கள் வீட்டில் ஏற்று வாழ்ந்து வருகின்றன, அரசும் அவர்களுக்குத் துணைநிற்கிறது. சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு உதவியாளரை வரவழைத்துக்கொள்வதும் உண்டு, சிலருக்கு அதுதான் சரி, பெற்றோர் போனபின்னும் அதே வீட்டில் தொடரலாம்.

கொஞ்சம் சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. கிராமம் போல, ஒரே வளாகத்தில் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து வாழும் சமூகங்கள். நாஜிகளிடமிருந்து தப்பிவந்த கார்ல் கோனிக் என்ற மருத்துவர் 1940இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய கேம்ப்ஹில் இப்படிப்பட்டது. உரிமை இயக்கத்தினரில் பலர் இதை ஏற்பதில்லை, ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதுதான் என்கிறார்கள். பெற்றோர்களில் பலரோ இதைத்தான் கனவு காண்கிறார்கள். என்னைக் கேட்டால், பெற்றோர் கனவு காண்பது ஒரு காரணமே இல்லை, அங்கே போய் வாழப்போவது அவர்கள் இல்லை. அதே சமயம் தன் நண்பர்களோடு, தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து வாழ ஒருவருக்கு ஆசை இருந்தால் 'அது கொள்கைக்கு ஒத்துவராது' என்று தடுப்பதும் அவருக்காக நாம் முடிவெடுப்பதுதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது, ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டில் வாழ்ந்தே தீரவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. வெளியே போய் வர வழி இருக்கிறதா, பிடிக்கவில்லை என்றால் கிளம்ப வேறு இடம் இருக்கிறதா, இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும், நல்லவர் நடத்துகிறார் என்பதற்காகக் கண்காணிப்பைத் தளர்த்திவிடாதீர்கள். 1964இல் பிரான்சில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து வாழும் லார்ஷ் சமூகங்களைத் தொடங்கிய ஜீன் வனியே மகானாகவே கொண்டாடப்பட்டவர். அவர் இறந்த மறு ஆண்டு, 2020இல், அந்த அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை அவர் பெண்கள் பலரிடம் பாலியல் அத்துமீறல் செய்ததை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்ல, இருந்தாலும் பாடம் எல்லாருக்கும்தான். அந்த அமைப்பு அதை மூடி மறைக்காமல் தானே வெளியிட்டது என்பதையும் சொல்லவேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கும் ஆய்வாளர்கள், வெளியிலிருந்து வந்துபோகும் நண்பர்கள், வாய்பேச முடியாதவரும் புகார் தெரிவிக்க ஒரு வழி, இவை இல்லாத எந்த இடத்துக்கும் பணம் போகக்கூடாது.

நடைமுறைக்கு வருகிறேன். வீட்டையும் சேவையையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள். வீடு ஒருவருடையது, உதவி செய்யும் நிறுவனம் வேறு என்று இருந்தால், பணியாளர்கள் சரியில்லை என்று மாற்றும்போது அண்ணன் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் குறை சொல்கிறவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்துக்கான நிதியையும் உதவிக்கான நிதியையும் தனித்தனியாகத்தான் பிரித்திருக்கிறார்கள்.

அப்புறம் இந்தத் 'தகுதிப் பட்டியல்'. சமைக்கத் தெரியுமா, காசை எண்ணத் தெரியுமா, தனியாக வெளியே போகத் தெரியுமா, தெரிந்தால் சமூக வாழ்க்கைக்குத் தயார், தெரியாவிட்டால் இன்னும் பயிற்சி. எனக்குத் தெரிந்த எத்தனையோ ஆண்கள் சமைக்கத் தெரியாமலே தனி வீடு எடுத்து வாழ்கிறார்கள், அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. தெரியாததைச் செய்துகொடுக்கத்தானே உதவியாளர்? அதிக உதவி தேவைப்படுபவர்களைக் கடைசியில் தள்ளி, சுலபமானவர்களை முதலில் எடுத்துக்கொண்டு திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதாதீர்கள்.

பணியாளர்களின் சம்பளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்ல வீடுகூட ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பாழாகிவிடும். பல் வலிக்கு எந்தக் காதைப் பொத்துவார் என்பதை ஒருவர் கற்றுக்கொள்ளும் நேரத்தில் அவர் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார், ஏனென்றால் இதைவிடச் சுலபமான வேலைக்கு இதைவிட அதிகச் சம்பளம் கிடைக்கிறது. கட்டடத்துக்குத் திறப்பு விழா நடத்துவது எளிது, மாதாமாதம் சம்பளம் கொடுப்பதற்கு யாரும் நாடா வெட்டுவதில்லை, அதனால்தான் அதற்கு நிதி ஒதுக்க உங்களுக்கு மனம் வருவதில்லை என்று நினைக்கிறேன்.

குடிபோவதும் ஒரே நாள் காரியமாக இருக்கக்கூடாது. முதலில் ஒரு மாலை நேரம், பிறகு ஓர் இரவு, பிறகு வாரக் கடைசி, பிடித்தால் தொடரட்டும், பிடிக்காவிட்டால் திரும்பி வரட்டும், திரும்பி வந்தால் வரிசையில் அவர் இடம் பறிபோகக்கூடாது. அந்தப் பழகும் காலத்தில் இரண்டு பக்கமும் செலவாகும், அம்மா வீட்டு உதவித்தொகையும் தொடர வேண்டும், புது வீட்டுப் பணியாளருக்கும் சம்பளம் போக வேண்டும். இரட்டைச் செலவு என்று நிதித்துறை முகம் சுளிக்கும். அவசர நிலையில் கொண்டுபோய் அடைத்து, மருந்து கொடுத்து, அது ஒத்துக்கொள்ளாமல் மருத்துவமனையில் சேர்த்து, அங்கிருந்து வெளியேற்ற இடமில்லாமல் மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கு ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

தங்கை நான் இருக்கிறேனே, நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று கேட்பீர்கள். கேட்காத ஆளில்லை. பார்த்துக்கொள்வேன். ஆனால் அண்ணனுக்கு நான் தங்கையாக இருக்க வேண்டும், அவரைப் பார்க்கப் போக வேண்டும், சண்டை போட வேண்டும், அவர் வீட்டில் போய் உட்கார்ந்து அவருக்குப் பிடித்த பாட்டையே பத்துத் தடவை கேட்டு எரிச்சலாக வேண்டும். இருபத்து நான்கு மணி நேரக் காவலாளியாக அல்ல. அதோடு எனக்கும் வயது கூடிக்கொண்டுதான் போகிறது, உடன்பிறப்பை நம்பிப் போடும் திட்டம் பெற்றோரை நம்பிப் போட்ட திட்டத்தைக் கொஞ்ச வருஷம் தள்ளிப்போடுவதுதான்.

அடுத்த நிதியாண்டுக்கான வரைவில் என்ன பார்க்க ஆசைப்படுகிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். வயதான பெற்றோரோடு இருப்பவர்களின் கணக்கெடுப்பு. அவர்களில் போக விரும்புகிறவர்களுக்கு, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே முன்னுரிமை. மேலே சொன்ன வீட்டு வகைகளில் குறைந்தது மூன்றையாவது சோதித்துப் பார்க்க நிதி. வரைவை விவாதிக்கும் மேசையில் எங்களைப் போன்ற உறவினர்களுக்கு முன்னால் அந்த வீடுகளில் வாழப்போகிறவர்களுக்கு நாற்காலி. பேச முடியாதவர்கள் எப்படிக் கருத்துச் சொல்வார்கள் என்று கவலைப்பட வேண்டாம், படங்களைக் காட்டியும் இடங்களுக்கு அழைத்துப்போயும் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வரைவு தயாரானதும் எளிய சொற்களில், படங்களோடு ஒரு பிரதி அச்சடியுங்கள். எங்கள் வீட்டுக்கு அதில் இரண்டு அனுப்புங்கள், ஒன்றை அண்ணன் முதல் நாளே கிழித்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு தங்கை